பொறாமைப்படும்போது நமக்கு நாமே சொல்லிக்கிற பொய்யை எப்படி கண்டுபிடிக்கிறது?

குரூப் 4-க்கு நானும் என் ஃப்ரெண்டும் ஒரே லைப்ரரில ஒரே பெஞ்ச்ல ரெண்டு வருஷம் படிச்சோம். ஒரு நாள் எனக்கு நல்ல டெஸ்ட் சீரிஸ் பிடிஎஃப் ஒண்ணு கிடைச்சது, அவன் "புதுசா ஏதாச்சும் வந்துச்சாடா"ன்னு கேட்டப்ப "ஒண்ணும் இல்லடா, பழைய கொஸ்டினையேதான் திருப்பி போட்டிருக்கானுங்க"ன்னு சொல்லிட்டேன். பொய் சொன்னதோட நின்னிருந்தா கூட பரவால்ல, அன்னிக்கு நைட்டு படுக்கும்போது அது நிஜமாவே வேஸ்ட்டு பிடிஎஃப்தான், அவன் டைம் வீணாகாம நான் காப்பாத்தினேன்னு நானே முழுசா நம்பிட்டேன், ஆனா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து அதையேதான் உக்காந்து போட்டேன்.

சின்ன லாபத்துக்காக சொன்ன பொய்யதான் நாம இப்படி நம்புவோம். 1959-ல ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. காலேஜ் பசங்கள ஒரு மணி நேரம் படு போரான வேலை செய்ய வச்சு, அடுத்து வர்றவங்ககிட்ட "சூப்பரா இருந்துச்சு"ன்னு பொய் சொல்ல சொன்னாங்க, சில பேருக்கு 20 டாலர், சில பேருக்கு வெறும் 1 டாலர். அப்புறம் வேலை எப்படி இருந்துச்சுன்னு அவங்களையே கேட்டா, 1 டாலர் வாங்குனவங்கதான் நல்லா இருந்துச்சுன்னு அதிகமா சொன்னாங்க. 20 டாலர் வாங்குனவனுக்கு காசுக்காக சொன்னேன்னு ஒரு காரணம் இருக்கு. 1 டாலர் காரனுக்கு அது கூட இல்ல, அதனால அவன் மனசு பொய்யையே உண்மையா மாத்திக்குது. எனக்கும் அந்த பிடிஎஃப மறைச்சதுல பெரிய லாபம் ஒண்ணும் இல்ல, அதான் அப்படி நம்புனேன்.

அதனால யோசிச்சு கண்டுபிடிக்கலாம்னு உக்காராதீங்க, யோசிக்க ஆரம்பிச்சா காரணம்தான் வந்துகிட்டே இருக்கும். ஒரு நோட்டு எடுங்க. என்ன நடந்துச்சோ அத மட்டும் எழுதுங்க, "ஏன்னா"ங்கிற வார்த்தை ஒரு தடவ கூட வரக்கூடாது. நான் எழுதுனது இதுதான்: அவன் கேட்டான். இல்லன்னு சொன்னேன். காலைல அதையே போட்டேன். மூணு வரிய படிச்சதும் உடம்பு கூசிப்போச்சு.

எதை எழுதணும்னு தெரியலன்னா, அவங்களோட நல்ல சேதி கேட்டப்ப உங்க கை என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. ஸ்டேட்டஸ பாத்துட்டு வாழ்த்து சொல்லாம விட்டீங்களா, "சூப்பர், ஆனா..."ன்னு ஆரம்பிச்சீங்களா, அவங்களப் பத்தின ஒரு குறைய வேற யார்கிட்டயாச்சும் போய் சொன்னீங்களா.

அடுத்து இத கேட்டுப் பாருங்க: இதே விஷயம் முன்ன பின்ன தெரியாத ஒருத்தருக்கு நடந்திருந்தா எனக்கு வலிக்குமா? ஆப்ரகாம் டெஸ்ஸர்ங்கிற உளவியலாளர் 1980-லயே குளூ குடுத்து வார்த்தைய கண்டுபிடிக்க வைக்கிற ஒரு விளையாட்டு வச்சு இத காட்டியிருக்காரு, விளையாட்டு தன் திறமையக் காட்டும்னு நெனச்சவங்க முன்பின் தெரியாதவங்கள விட சொந்த ஃப்ரெண்டுக்கு கஷ்டமான குளூ குடுத்தாங்க. எங்கயோ ஒருத்தன் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்தா நமக்கு ஒண்ணும் ஆகாது, பக்கத்து பெஞ்ச்காரன் பாஸானாதான் வயித்தெரிச்சல். (நிஜமாவே அநியாயம் நடந்திருக்கலாம், அது வேற. அந்த இடம் உங்களுக்கே கிடைச்சிருந்தா கூட அத தப்புன்னு சொல்லுவீங்களான்னு பாருங்க, ஆமான்னா அது பொறாமை இல்ல.)

இப்பதான் கஷ்டமான இடம். "அவன் ஜெயிச்சா, நான்..."னு எழுதி முடிங்க. ஒரு தடவ இல்ல, அஞ்சு தடவ. முதல் ரெண்டு மூணு நல்ல பிள்ளையாட்டம் வரும், "நானும் சந்தோஷப்படுவேன்"னு எல்லாம். எனக்கு அஞ்சாவதா வந்தது: அவன் ஜெயிச்சா, எக்ஸாம் ரொம்ப கஷ்டம்னு இனிமே அப்பாகிட்ட சொல்ல முடியாது.

அத எழுதிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அவனோட வேலை மேல எனக்கு கண்ணே இல்ல. மாக் டெஸ்ட்ல 200-க்கு 140 கிட்ட சரியா போட்டுட்டு வீட்ல 170-ன்னு சொல்லிட்டு இருந்தேன், அந்த பொய் நிக்கணும்னா அவன் தோக்கணும். பொறாமைக்கு அடியில பெரும்பாலும் இப்படி நம்மளப் பத்தி நாமளே சொல்லி வச்ச ஒரு பொய் இருக்கும்னு நான் நம்புறேன், சம்பளமா இருக்கலாம், கல்யாண வாழ்க்கையா இருக்கலாம், "நான் நெனச்சா முடிப்பேன், இன்னும் நெனைக்கல"ங்கிறதா இருக்கலாம். அதனால முதல்ல அங்க போய் சரி பண்ணுங்க. நான் அப்பாகிட்ட உண்மையான மார்க்க சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல, சாப்பிட்டு எழுந்து போயிட்டாரு. ஒரு வாரம் வீட்ல கஷ்டமாதான் இருந்துச்சு.

அப்புறம் அந்த ஆள்கிட்ட. அன்னிக்கோ மறுநாளோ பண்ணிடுங்க, தள்ளிப் போட்டா மனசு புது காரணம் தேடிக்கும். செஞ்சத மட்டும் சொல்லுங்க: "அன்னிக்கு பிடிஎஃப் இல்லன்னு சொன்னேன்ல, இருந்துச்சு, மறைச்சிட்டேன், இந்தா." என் மனசுல என்னென்ன ஓடுச்சு தெரியுமான்னு அவன் தலையில கொட்டி அவனையே ஆறுதல் சொல்ல வைக்காதீங்க. கோவப்பட்டா பட்டுட்டு போகட்டும், அது அவன் உரிமை.

எனக்கு இன்னும் அந்த புகைச்சல் வருது, ஆனா நோட்டு பக்கத்துலயே இருக்கு. ஒரு வேள எழுத எழுத உங்க மேலயே வெறுப்பு வந்து தூக்கம் போகுதுன்னா நோட்ட மூடி வச்சிட்டு 14416-க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.