ஜெர்மனியில் முதல் தீபாவளி, முதல் பொங்கல்: கிருஷ்ணகிரியிலிருந்து எதை அனுப்பலாம், அங்கே எப்படிச் செய்யலாம்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வேலைக்காக ஜெர்மனி போய்க் குடியேறும் குடும்பத்துக்குப் பண்டிகைக் காலம் ஐப்பசியில் தொடங்கித் தையில் முடியும். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை வரும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பார்சல் போதும். அதைப் புரட்டாசியிலேயே அனுப்பிவிட வேண்டும்.

பச்சரிசி, பாசிப்பருப்பு, முந்திரி, ஏலக்காய் எல்லாம் அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கும். மாம்பழக்கூழ் டின்னையும் அனுப்ப வேண்டாம். அங்கே வாங்கும் டின்னே நம்மூர்ப் பெங்களூரா மாங்காயில் செய்ததாக இருக்கலாம். ஊரிலிருந்து போக வேண்டியவை சாமை, ராகி மாவு, புளி, கொஞ்சம் முறுக்கு மாவு, ஊர் ருசி வேண்டுமென்றால் இரண்டு கிலோ உருண்டை வெல்லம். அவ்வளவுதான்.

கட்டும் முறை

ராகி மாவை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே ஆவி வேர்த்து மாவு கட்டிதட்டும், பூசணமும் பிடிக்கும். புளியில் கொட்டை, நார், கோது எல்லாம் எடுத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, அரைக் கிலோ பொட்டலங்களாகக் கனமான பிளாஸ்டிக் கவரில் இரட்டையாகப் போடுங்கள். அலுமினியத் தாள் ஆகாது, புளி அதை அரித்துவிடும். வெல்லத்தை பட்டர் பேப்பரில் சுற்றிக் காற்றுப் புகாத கவரில் வைக்க வேண்டும். முறுக்கைச் சுட்டு அனுப்பினால் தூளாகத்தான் போய்ச் சேரும். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு கலந்து, மாவாகவே அனுப்புங்கள்.

நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி எதுவும் வைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைத் தனிநபர் அனுப்பவோ எடுத்துவரவோ தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, மாவிலை, கரும்பு, மஞ்சள் கொத்து ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அது இல்லாமல் போனால் பறிமுதல்தான். கற்பூரம், கொப்பரை, பட்டாசு, தீப்பெட்டி நான்கும் விமானச் சரக்கில் ஆபத்தான பொருள் பட்டியலில் உள்ளவை.

சுங்கப் படிவத்தில் 'உணவுப் பொருள்' என்று பொதுவாக எழுதினால் பார்சல் நின்றுவிடும். ராகி மாவு 1 கிலோ, புளி 500 கிராம் என்று ஒவ்வொன்றையும் எடை, விலையோடு ஆங்கிலத்தில் எழுதுங்கள். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ மதிப்பு வரை வரி கிடையாது. கடை பில்லைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். சுங்க அலுவலகத்தில் மதிப்புக்கு ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

பலரும் கோட்டை விடுவது பெயரில். ஜெர்மனியில் தபால்காரர் வீட்டுத் தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கொடுப்பார். பார்சலில் மகள் பெயரோடு அப்பா பெயர், பெட்டியில் கணவர் பெயர் என்று இருந்தால் திரும்பிவிடும். பெட்டியில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

தீபாவளி

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். எண்ணெய், சர்க்கரை, பால் எல்லாம் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கியாக வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். விடியற்காலை மிக்ஸி ஓட்டினால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அரைக்க வேண்டியதை முந்தின நாள் மாலையே அரைத்து வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸிக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் பொருந்தாது. எர்த் இணைப்புள்ள அடாப்டர் வாங்குங்கள், இரண்டு முள் மெல்லிய வகை வேண்டாம்.

வெடி, வானவேடிக்கை இரண்டுக்கும் ஆண்டுக் கடைசிதான் காலம். விற்பனை டிசம்பர் 29 முதல் 31 வரை, கொளுத்துவது டிசம்பர் 31, ஜனவரி 1 மட்டும். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு போதும், அது ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்குப் பிறகு நேர வித்தியாசம் மூன்றரையிலிருந்து நாலரை மணியாகிவிடும். ஊரில் காலை 6 மணி என்றால் அங்கே நள்ளிரவு ஒன்றரை. எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு பேரக்குழந்தையைக் கூப்பிடாமல், பகல் 12 வரை பொறுங்கள் அம்மா.

கிறிஸ்துமஸ் வாரம்

டிசம்பர் 24 மதியத்துக்குப் பின் கடைகள் மூடிவிடும். 2026-இல் 25 வெள்ளி, 26 சனி இரண்டும் அரசு விடுமுறை, 27 ஞாயிறு. ஆக 28 திங்கள்வரை பால்கூட வாங்க முடியாது. நாலு நாளுக்கான அரிசி, பால், குழந்தை உணவு, காய்ச்சல் மருந்து வீட்டில் இருக்கட்டும். தவறினால் பெரிய ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்குகள்தான் கதி. மருந்துக்கு அவசரப் பணியில் இருக்கும் மருந்தகத்தைத் தேட வேண்டும்.

பொங்கல்

2027 ஜனவரி 15 வெள்ளி. அங்கே அது வேலை நாள், பள்ளி நாள். சூரியன் எழவே எட்டு மணி தாண்டும். குழந்தைக்கு விடுப்பு வேண்டுமென்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், சொல்லாமல் நிறுத்துவதைப் பள்ளிகள் ஏற்காது. வெள்ளி காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, சனிக்கிழமை நிதானமாகப் பானை வைப்பதே வசதி என்பது எங்கள் கருத்து.

பித்தளை, வெண்கலப் பானை இண்டக்‌ஷனில் சூடேறாது. கண்ணாடிப் பரப்புள்ள மின்அடுப்பில் மண்பானை விரிசல் விடும். அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம், மூன்று லிட்டர் அளவு, வாய் குறுகியதாக எடுங்கள். தொடு பொத்தான்கள் இருக்கும் முன்பக்கம் வேண்டாம், பின் அடுப்பில் வையுங்கள். பொங்கி வழிந்தது பொத்தான் மேல் விழுந்தால் அடுப்பு கூவிவிட்டு அணைந்துபோகும்.

ஒரு லிட்டர் முழுப்பால், ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பெருந்தீயில் வைத்தால் நன்றாகப் பொங்கும். வழிந்ததும் தீயைக் குறைத்து, பாதியை வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, கழுவிய பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம் போடுங்கள். வற்ற வற்ற எடுத்து வைத்ததை ஊற்றிக் கிளறுங்கள். வெல்லம் கடைசியில்தான். முதலிலேயே போட்டால் அரிசி வேகாது, வழிந்தால் அடுப்புக் கண்ணாடியும் பாழாகும். 300 கிராம் வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அரிசி குழைந்தபின் அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிட்டுச் சேருங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரியும். நெய்க்கு உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் பாக்கெட்டைக் காய்ச்சிக்கொள்ளலாம்.

சாம்பிராணி போடும்போது சன்னலைத் திறந்து, நடைவழிக் கதவைச் சாத்துங்கள். படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை அலாரம் கட்டாயம், அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பது ஆபத்து. கேம்பிங் கேஸ் அடுப்பையோ கரியையோ வீட்டுக்குள் மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் சேரும், மூடிய குளிர்கால வீட்டில் உயிருக்கே ஆபத்து.

கண்ணாடி அடுப்பில் வெல்லப்பாகு சிந்திவிட்டால் ஆறும்வரை விடக் கூடாது. இறுகினால் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டுதான் வரும். அடுப்பை அணைத்து, சூடு இருக்கும்போதே பிளேடு சுரண்டியால் தள்ளி எடுத்துவிட்டு, ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள்.