மடிக்கணினியை ஓரங்கட்டிவிட்டு டேப்லெட்டிலேயே அன்றாட வேலைகளைச் செய்வது எப்படி

டேப்லெட் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலைக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். மடிக்கணினியின் அருகில் அந்தத் தாளை வைத்துவிட்டு, ஒரு வாரம் முழுவதும், அதைத் திறந்த ஒவ்வொரு முறையும் எதற்காகத் திறந்தீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதி வாருங்கள். "அலுவலக வேலை" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. "மூன்று பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக்கினேன்", "எக்செல் தாளில் மேக்ரோவை ஓட்டினேன்", "பழைய பிரிண்டரில் நான்கு பக்கம் அச்சிட்டேன்" என்ற அளவுக்கு விவரமாக இருக்க வேண்டும். எந்தக் கருவியை வாங்குவது என்பதையும், வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் விளம்பரங்களைவிட இந்தத் தாள் தெளிவாகச் சொல்லிவிடும்.

மின்னஞ்சல், இணையத்தில் படிப்பது, காணொளிச் சந்திப்பு, கடிதம் எழுதுவது, குறிப்பெடுப்பது, படங்களைத் திருத்துவது ஆகியவை தயக்கமின்றி டேப்லெட்டுக்கு வந்துவிடும். சில வேலைகள் வரவே வராது. எக்செல் செயலி ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைத்தாலும், மேக்ரோக்கள் (ஒரே வேலையைத் தானாகத் திரும்பச் செய்ய விபிஏ மொழியில் எழுதும் சிறு நிரல்கள்) அதில் ஓடா. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளும், அதற்கான டிரைவர் என்ற துணை மென்பொருளை நிறுவினால்தான் இயங்கும் யூஎஸ்பி டிஜிட்டல் கையொப்பச் சாவியும் இதே வகைதான். இவற்றில் ஒன்று மாதம் ஒரு முறை மட்டுமே தேவைப்பட்டால் பழைய மடிக்கணினியை அலமாரியில் வைத்திருந்து சமாளித்துவிடலாம், அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற ஒன்றின் வழியாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை டேப்லெட் திரைக்குக் கொண்டுவரலாம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் தேவைப்படுகிறதென்றால் மாறாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. விண்டோஸிலேயே இயங்கும் டேப்லெட்டுகளை இங்கே நான் கணக்கில் எடுக்கவில்லை. அவை வேறு உருவில் வந்த மடிக்கணினிகளே.

திரை, சேமிப்பு, விசைப்பலகை

திரையின் அங்குல அளவைப் பார்ப்பவர்கள் அதன் விகிதத்தைக் கவனிப்பதில்லை. ஏ4 தாளின் நீள அகல விகிதம் ஏறத்தாழ 1.41. பெரும்பாலான ஐபேடுகளின் திரை 4:3 விகிதத்திலோ அதற்கு மிக நெருக்கமாகவோ இருப்பதால், செங்குத்தாகப் பிடித்தால் ஒரு முழுப் பக்கம் கிட்டத்தட்ட திரையை நிரப்பிவிடுகிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பரவலாக இருக்கும் 16:10 திரையில் படம் பார்ப்பது சுகம். பிடிஎஃப் பக்கத்துக்கோ மேலும் கீழும் இடம் வீணாகிறது. நாள் முழுவதும் ஆவணங்களைப் படிப்பவர் இதைப் பார்த்தே முடிவெடுக்கலாம். இன்னொரு கணக்கும் உண்டு: மைக்ரோசாப்டின் வேர்டு, எக்செல் செயலிகளில் 10.1 அங்குலம் வரையிலான திரைகளில் சந்தா இல்லாமலேயே அடிப்படைத் திருத்தங்களைச் செய்யலாம். அதைவிடப் பெரிய திரையில் திருத்துவதற்குச் சந்தா கேட்கும். 11 அங்குலக் கருவியை வாங்கி வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு எரிச்சலடைபவர்கள் உண்டு.

சேமிப்பிடத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற மடிக்கணினிப் பழக்கம் இங்கே செல்லாது. மைக்ரோ எஸ்டி அட்டைக்கான இடம் சில ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் உண்டு, ஐபேடில் இல்லை. ஆகவே இப்போதைய தேவையைப் போல இரண்டு மடங்கு இடம் உள்ளதாகவே வாங்குங்கள்.

விசைப்பலகை இல்லாமல் மடிக்கணினிக்கு மாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே சமயம், 11 அங்குல ஐபேடுடன் டிராக்பேட் உள்ள கனமான விசைப்பலகை உறையைச் சேர்த்தால் எடை ஒரு கிலோவைத் தாண்டிவிடும். மெல்லிய மடிக்கணினி ஒன்று சுமார் 1.2 கிலோதான் என்பதால், எடை குறையும் என்ற ஒரே காரணத்துக்காக மாறுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். தனியான புளூடூத் விசைப்பலகையும் தாங்கியும் மேசைக்கு மிகப் பொருத்தம். மடியில் வைத்து எழுதுவதற்கு அவை உதவா. மவுஸும் பயன்படுத்தலாம். 2020 மார்ச்சில் வந்த ஐபேட்ஓஎஸ் 13.4 என்ற இயங்குதளப் பதிப்பு முதல் ஐபேடிலும் அது முழுமையாக இயங்குகிறது; ஆண்ட்ராய்டில் அதற்கு முன்பே இருந்த வசதிதான்.

தமிழில் எழுதுபவர்கள் கடைக்காரரிடமே ஒரு விசைப்பலகையை இணைத்து இரண்டு வரி தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. திரை விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் பழக்கம் உள்ளவர்கள், வெளி விசைப்பலகையை இணைத்த பிறகும் அது அப்படியே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இணைத்ததும் திரை விசைப்பலகை மறைந்துவிடும். எந்தத் தட்டச்சு முறை இயங்க வேண்டும் என்பதை அமைப்புகளில் வெளி விசைப்பலகைக்கென்று உள்ள பகுதியில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபேடில் கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்ந்து மொழியை மாற்றும். தமிழ்99 என்ற தட்டச்சு முறையைப் பழகியவர்களுக்கு இந்த மாற்றம் எளிது.

கோப்புகள் எங்கே இருக்கின்றன

மாறியவர்களில் பலரை மீண்டும் மடிக்கணினிக்குத் துரத்துவது கோப்புகள்தான். மடிக்கணினியில் கோப்பு ஒரு கோப்புறையில் இருக்கும். எந்த மென்பொருளும் அங்கே வந்து அதைத் திறக்கும். டேப்லெட்டிலோ பல செயலிகள் தமக்கென்று ஓர் இடத்தை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே சேமிக்கின்றன. ஐபேடில் அந்தச் செயலியை நீக்கினால் அதன் கோப்புறையும் சேர்ந்தே போய்விடும். குறிப்பெடுக்கும் செயலி ஒன்றை, பயன்படுத்துவதில்லையே என்று ஒருநாள் நான் நீக்கினேன். நான்கு மாதக் கூட்டக் குறிப்புகள் அதனுடன் மறைந்தன. நீக்கும்போது எச்சரிக்கை வரத்தான் செய்தது, நான்தான் படிக்கவில்லை. இடம் போதவில்லை என்றால் செயலியை மட்டும் அகற்றிவிட்டு ஆவணங்களை விட்டுவைக்கும் "ஆஃப்லோடு" வசதி அமைப்புகளில் உள்ளது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆகவே முதல் நாளே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும்: ஐகிளவுடோ கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ, ஏதேனும் ஒரே ஒரு மேகச் சேமிப்பைத் தேர்ந்தெடுத்து, மடிக்கணினியில் இருக்கும் ஆவணங்கள் அனைத்தையும் அதற்குள் அதே கோப்புறை அமைப்புடன் ஏற்றிவிடுங்கள். அதன்பின் ஒரு செயலியில் ஆவணத்தைத் திருத்த வேண்டுமென்றால், அந்தச் செயலிக்குள் இருந்தபடியே மேகக் கோப்புறையைத் திறந்து கோப்பை எடுங்கள். மின்னஞ்சலிலிருந்தோ அரட்டையிலிருந்தோ "பகிர்" பொத்தானை அழுத்தி அனுப்பும்போது பெரும்பாலும் ஒரு நகல்தான் போகிறது. நீங்கள் திருத்துவது நகலை, மறுநாள் பிறருக்கு அனுப்புவது மூலத்தை. இணையம் இல்லாத இடத்தில் தேவைப்படும் கோப்புகளைக் கிளம்புவதற்கு முன்பே கருவியில் இறக்கி வைத்துக்கொள்வதும் அவசியம்.

டைப்-சி முனையுள்ள பென்டிரைவை டேப்லெட்டின் டைப்-சி துளையில் நேரடியாகச் செருகிப் படிக்கலாம். டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள் பல. விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைக்கப்பட்ட டிரைவுகளில் டேப்லெட்டால் எழுத முடியாமல் போகக்கூடும். எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்தால் இரு பக்கமும் ஒத்துப்போகும். பழைய ஃபேட்32 முறை என்றால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பது நினைவிருக்கட்டும். விலை குறைந்த கருவிகளில் துளை டைப்-சியாக இருந்தாலும் வேகம் பழைய யூஎஸ்பி 2.0 அளவிலேயே இருப்பதுண்டு. 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு படிவத்தை அனுப்பிப் பார்ப்போம்

பழகுவதற்கு ஒரு நல்ல பயிற்சி, இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை முழுவதுமாக டேப்லெட்டிலேயே முடிப்பது. இரண்டு சான்றிதழ்களை ஒரே பிடிஎஃப்பாகவும், ஒரு படத்தைச் சிறிய அளவிலும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐபேடின் ஃபைல்ஸ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியால் சான்றிதழ்களைக் கேமராவில் எடுங்கள். தாளின் விளிம்பை அதுவே கண்டுபிடித்து நேராக்கித் தரும். பிறகு இரண்டு கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, கூடுதல் விருப்பங்களில் பிடிஎஃப் உருவாக்கச் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் விரைவுச் செயல்களில் படத்தை மாற்றும் விருப்பம் இருக்கிறது. அதில் ஜேபெக் வகையையும் சிறிய அளவையும் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலியே ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகச் சேமித்துத் தரும்.

அடுத்தது இணையதளம். ஐபேடின் சஃபாரி 2019 முதல் கணினிக்கான பக்கத்தையே இயல்பாகக் கேட்டு வாங்குகிறது; ஆண்ட்ராய்டின் குரோமில் கைபேசிப் பக்கம் வந்தால் மூன்று புள்ளிப் பட்டியலில் கணினித் தளம் என்பதை டிக் செய்யுங்கள். சுட்டியைக் கொண்டுபோனால் மட்டும் விரியும் பழைய பாணிப் பட்டியல்கள் விரலுக்கு அடங்காமல் முரண்டு பிடிக்கும். அப்போதுதான் மவுஸ் கைகொடுக்கும். பெரிய கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது வேறு செயலிக்குத் தாவாதீர்கள். பின்னணிக்குப் போன செயலியை பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக இயங்குதளம் உறங்கவைத்துவிட, பதிவேற்றம் பாதியில் நின்றுபோகலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு சாளரங்களை அருகருகே வைப்பது இப்போது எல்லா நல்ல டேப்லெட்டிலும் முடியும். சாம்சங்கின் உயர்வகை டேப்லெட்டுகளில் டெக்ஸ் என்ற கணினித் தோற்றம் உண்டு. ஐபேடில் 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 சாளரங்களை விருப்பம்போல் இழுத்து அளவு மாற்றவும் மேலே பட்டியல் பட்டை தெரியவும் வழிசெய்தது. என் பழக்கத்தில் இரண்டு சாளரங்களுக்கு மேல் சிறிய திரையில் உபத்திரவம்தான். அச்சிடுவதற்கு வைஃபை பிரிண்டர் வேண்டும்: கம்பியில்லாமல் அச்சிட உதவும் ஏர்பிரிண்ட் ஆதரவு ஐபேடுக்கும், மாப்ரியா ஆதரவு ஆண்ட்ராய்டுக்கும் அதில் உள்ளதா என்று பாருங்கள்.

இரண்டு வாரச் சோதனை

எல்லாம் அமைந்த பின் மடிக்கணினியை அணைத்து, எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் எத்தனை முறை அதை இறக்கினீர்கள், எதற்காக என்பதை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முதல் வாரத்தில் எழுதுபவை பெரும்பாலும் பழக்கமின்மையால் வருபவை. இரண்டாம் வாரத்திலும் மீண்டும் வரும் வரிகள்தான் உண்மையான தடைகள். அவற்றுக்கு வழி கிடைக்காதவரை மடிக்கணினியை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம்.

கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டால், அதற்கு முன் மூன்று இடங்களைத் துழாவிப் பாருங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் உங்கள் கணக்குடன் ஒத்திசைந்து டேப்லெட்டுக்கு வந்துவிட்டனவா என்று சரிபார்க்க வேண்டும். பாப் என்ற பழைய முறையில் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிய மின்னஞ்சல்கள் சர்வரில் இல்லாமல் மடிக்கணினியில் மட்டுமே தங்கியிருக்கலாம். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகிய இரண்டு கோப்புறைகளும் மேகத்தில் ஏறியிருக்கும் என்று நம்பிவிடாமல் நீங்களே திறந்து பார்க்க வேண்டும். அதன்பின் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, விண்டோஸின் மீட்டமைப்புப் பகுதியில் அனைத்தையும் அழிக்கச் சொல்லி, டிரைவையும் சுத்தம் செய்யும் விருப்பத்தை இயக்குங்கள். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் சார்ஜரைச் செருகி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.