சுவருக்குள் பைப் போகும் முன், கை நுழைய வழி வையுங்கள்

சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஒருநாள் பெயிண்ட் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் பூச்சு சொதசொதவென்று உள்ளே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் கொத்தனார் 9 டைல்ஸை உடைத்தார். கடைசியில் ஒழுகியது பைப் திரும்பும் இடத்தில் இருந்த ஒரே ஒரு எல்போ இணைப்பு. அதே டைல்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

தோட்டத்து லயத்தில் பைப் சுவருக்கு வெளியே ஓடும். ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், ஸ்பேனர் போதும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் சுவருக்குள் போய்விட்டது. பார்க்க அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒழுகினால் வெளியே தெரியாது. அதனால்தான் ரெனோவேஷன் தொடங்கும் முன்பே இதையெல்லாம் யோசித்துவிடுங்கள் என்கிறேன்.

1. தாளில் வட்டம் போடுங்கள்

குளியலறையை வரைந்து, தேய்கிற பொருள், திருகுகிற பொருள், இணைப்பு எல்லாவற்றுக்கும் வட்டம் போடுங்கள். நேராக ஓடும் பைப்புக்குக் கை நுழைய வழி தேவையில்லை. வால்வு, ஃபிளஷ் டேங்க், ஷவர் மிக்ஸர், டிராப் (நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் கழிவுக் குழாய் வளைவு) ஆகியவற்றுக்குத் தேவை. ஒவ்வொரு வட்டத்துக்கும் எந்தப் பக்கத்திலிருந்து கை போகும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்த இணைப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

2. குளியலறைக்கென்று தனி வால்வு

நம் வீடுகளில் பெரும்பாலும் சமையலறைக் குழாய்க்கு மீட்டரிலிருந்து நேராகத் தண்ணீர் வரும், குளியலறைக்குக் கூரைத் தொட்டியிலிருந்து வரும். உங்கள் வீட்டில் எப்படி என்று பார்த்து, குளியலறைக்குப் போகும் ஒவ்வொரு லைனுக்கும் தண்ணீரை அடைக்க ஒரு பால் வால்வு (ball valve) வையுங்கள். ஏணி இல்லாமல் எட்ட வேண்டும். வாங்கும்போது மலேசியாவின் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

3. ஆழம்: பலர் தவறுவது இங்கேதான்

சுவருக்குள் வைக்கும் வால்வின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு கோடுகள். சிமெண்டு பூசி, பசை தடவி, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு டைல்ஸின் முகம் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். வால்வு ரொம்ப உள்ளே போனால் கைப்பிடி எட்டாது. வெளியே தள்ளினால் மூடித்தட்டு சுவரோடு ஒட்டாது, இடுக்கில் தண்ணீர் இறங்கும். ஆகவே வால்வை இறுக்கும் முன் ஒரு துண்டு டைல்ஸைப் பூச்சுக் கனத்தோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். டைல்ஸ் வேலை முடியும் வரை அந்த மூடியைக் கழற்ற விடாதீர்கள். சரியாக வைத்துவிட்டால் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜை முன்பக்கமாகவே கழற்றி மாற்றலாம். ஒரு டைல்ஸ்கூட உடையாது.

4. ஃபிளஷ் டேங்க்

சுவருக்குள் மறைத்து வைக்கும் டேங்க் என்றால், பட்டன் இருக்கும் தட்டுதான் இதற்குக் கதவு. தட்டைக் கழற்றினால் நீர் நிரப்பும் வால்வு, ஃபிளஷ் வால்வு, அடைப்பு வால்வு மூன்றும் அதே ஓட்டை வழியாகக் கைக்கு வரும். டைல்ஸ் ஒட்டுபவர் அந்த ஓட்டையைச் சுருக்கிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். ரப்பர் வாஷர் ஒரு செட் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

5. மற்றவற்றுக்குக் கதவு

சுவரின் மறுபக்கம் அலமாரி இருந்தால் அதற்குள் 300 மி.மீ. சதுரக் கதவு வைக்கலாம், கையும் ஸ்பேனரும் நுழையும். அலுமினியம் அல்லது பிவிசி போதும். ஈரமான இடத்தில் பிளைவுட் வேண்டாம், கரையான் வந்துவிடும். மாடிக் குளியலறை என்றால் டிராப்புக்கு நேர் கீழே, சீலிங்கில் ஒரு திறப்பு.

6. டைல்ஸுக்கு முன் சோதனை

10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம் தரும். கூரைத் தொட்டி குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். அதை வைத்து மட்டும் சோதித்தால் சின்னக் கசிவு தெரியாது. பிளம்பரிடம் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் சுவரை மூட விடாதீர்கள்.

7. படம்

மூடும் முன் சுவரில் அளவு டேப்பை வைத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் தூரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். போனில் மட்டும் வைத்தால் போன் மாறும்போது தொலைந்துவிடும். அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தச் சின்னக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அம்மா வீட்டில் அது அலமாரியில் சேலைகளுக்குப் பின்னால் இருக்கிறது.