ஸ்ப்ளெண்டர் வண்டிக்கு வாசலிலேயே ஆயில் மாற்றி, செயின் இறுக்கி, பிரேக் பார்ப்பது எப்படி?

ஸ்ப்ளெண்டர், எச்.எஃப். டீலக்ஸ், பழைய பேஷன் மூன்றுக்கும் எஞ்சின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இந்தக் குறிப்பு அவற்றுக்கானது. மற்ற பைக்குகளுக்கும் முறை ஏறக்குறைய இதேதான். ஸ்பேனர் அளவும் ஆயில் அளவும் மாறும், அதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஆயில் பகுதி பொருந்தாது. அந்த வண்டியில் எஞ்சினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது? புதிய கையேடுகள் 6,000 கி.மீ. என்கின்றன, நடுவில் 3,000-ல் அளவு பார்த்துக் குறைந்ததை ஊற்றச் சொல்கின்றன. தார் ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது சரி. பர்கூர் பக்கம் கிரானைட் குவாரி, கிரஷர் வழியாகத் தினமும் போகிறவர்கள், மாந்தோப்பு மண் பாதையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து போகிறவர்கள், பால் கேன் கட்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் 3,000-லேயே மாற்றிவிடுங்கள். கற்தூசியும் சூடும் ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும்.

வாங்க வேண்டியவை

10டபிள்யூ-30 ஆயில், 900 மில்லி பாட்டில் ஒன்று. பாட்டிலின் பின்பக்கம் 'ஜாசோ எம்.ஏ.' (JASO MA) அல்லது 'எம்.ஏ.2' (MA2) என்ற தரக்குறி இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். 'எம்.பி.' என்று இருந்தால் அது ஸ்கூட்டர் ஆயில். ஸ்கூட்டரின் கிளட்ச் உலர்ந்த இடத்தில் சுற்றுகிறது, பைக்கின் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றன. வழுக்கும் தன்மை கூடிய எம்.பி. ஆயிலையோ கார் ஆயிலையோ இதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். சத்தம் ஏறும், வண்டி ஏறாது. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் போனால் உடனே தெரிந்துவிடும்.

ஆயிலோடு ட்ரெயின் போல்ட்டுக்கு (பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் அடி போல்ட்) ஒரு புது அலுமினிய வாஷரும் கேட்டு வாங்குங்கள். சில ரூபாய்தான், ஆனால் கடைக்காரர் தானாக எடுத்துத் தரமாட்டார்.

17 நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்று வேண்டும். பாக்ஸ் ஸ்பேனர் இருந்தால் இன்னும் நல்லது. வாய் திறந்த ஸ்பேனர் போல்ட்டின் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், கொஞ்சம் வழுக்கினாலும் முனை மழுங்கிவிடும். அட்ஜஸ்டபிள் ரென்ச்சைத் தொடவே வேண்டாம். இருபது ஸ்பேனர் கொண்ட மலிவான செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல கம்பெனியின் ரிங் ஸ்பேனர் மூன்று நான்கு வாங்கலாம். இந்த வண்டிக்கு அதுவே போதும். இவை தவிர புனல், பழைய துணி, பக்கவாட்டில் வெட்டிய 5 லிட்டர் எண்ணெய் கேன்.

ஆயிலை இறக்குவது

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி ஓடும், அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு வரும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டி என்றால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அந்தச் சூட்டில் ஆயில் கையில் பட்டால் கொப்புளம்தான். பக்கத்திலேயே சைலன்சர் குழாயும் இருக்கிறது.

சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். எஞ்சினின் வலது பக்கம் இருக்கும் ஆயில் மூடியை முதலில் கழற்றுங்கள். அளவுக் குச்சி அதோடு சேர்ந்தேதான் வரும். மேல் மூடியைத் திறக்காமல் கீழே போல்ட்டைக் கழற்றுவது தவறான வரிசை. மூடி திறக்க வராமல் மாட்டிக்கொண்டால், ஆயிலை இறக்கிய வண்டியோடு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். திறந்திருந்தால் காற்று உள்ளே போய் ஆயிலும் வேகமாக இறங்கும்.

அடுத்து ட்ரெயின் போல்ட். புதிதாகச் செய்கிறவர்கள் வண்டியைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

எஞ்சினின் அடிவயிற்றில், தலை தரையைப் பார்த்தபடி இருக்கும் 17 நம்பர் போல்ட் அது. ஃபுட்ரெஸ்ட் கம்பியைப் பிடிக்கும் போல்ட்டுகளும் அதே பகுதியில் இருக்கும். அவை சிறியவை, அவற்றைத் தொடாதீர்கள். இனி திசை. பொதுவாக ஒரு போல்ட், அதன் தலையை நேராகப் பார்க்கும்போது கடிகாரம் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் கழலும். இந்த போல்ட்டை நேராகப் பார்க்கத் தரையில் படுக்க வேண்டும். நாம் குந்தி உட்கார்ந்து மேலிருந்து குனிந்து பார்ப்பதால் திசை தலைகீழாகிவிடுகிறது. மேலிருந்து பார்க்கிறவருக்குக் கடிகாரம் சுற்றுகிற திசைதான் கழலும் திசை. இது புரியாமல் 'இறுகிப் போயிருக்கிறது' என்று நினைத்து, ஸ்பேனரில் பைப் மாட்டி முழு பலத்தோடு இன்னும் இறுக்குவார்கள். போல்ட் இரும்பு, அது மாட்டியிருக்கும் கிரேங்க் கேஸ், அதாவது எஞ்சினின் அடிக்கூடு, அலுமினியம். இரும்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியத்தின் மரைதான் உரிந்துகொண்டு வரும். ஒருமுறை தரையில் சாக்கு விரித்துப் படுத்து, தலையை நேராகப் பார்த்து, ஸ்பேனர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு எழுந்திருங்கள்.

ஸ்பேனர் தலையில் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, உள்ளங்கையால் ஒரு சின்ன தட்டு. அசைந்துவிடும். பிறகு கையாலேயே, போல்ட்டை மேல்நோக்கி அழுத்தியபடி கழற்றுங்கள். கடைசி மரை விட்டதும் சட்டென்று கையை இழுங்கள். அழுத்திப் பிடித்தால் கடைசிவரை ஆயில் வராது, விரலும் நனையாது.

பத்து நிமிடம் வடியட்டும். சாவியை ஆஃப் செய்துவிட்டு கிக்கரை நான்கைந்து முறை மெதுவாக மிதித்தால் மிச்சம் இருப்பதும் இறங்கும். இறங்கிய ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெயிலில் பிடிக்கும்போது உலோகத் துகள் மினுமினுத்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஓர் அளவுப் பாட்டிலில் ஊற்றி எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று பொருள், புகை தெரிவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

மூடுவதும் ஊற்றுவதும்

போல்ட்டையும் அது உட்காரும் இடத்தையும் துடையுங்கள். பழைய வாஷர் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் கவனிக்காமல் புது வாஷரையும் போட்டால் இரண்டு வாஷர் சேர்ந்து கசியும்.

போல்ட்டை விரல்களால் மட்டும் ஏற்றுங்கள். குறைந்தது நான்கு சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றி, எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றி, 'டக்' என்று மரை உட்காரும் இடத்தை உணர்ந்து மறுபடி ஏற்றுங்கள். விரலால் ஏறாத மரையை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். வாஷர் போய் முட்டியதும் ஸ்பேனரை எடுத்து, அதன் கடைசி முனையைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து, கால் சுற்று. நடுவில் பிடித்தால் தேவைக்கு மேல் பலம் கொடுப்பது கடினம். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வையுங்கள்.

900 மில்லி பாட்டிலை முழுவதும் கவிழ்க்க வேண்டாம். 700 மில்லி ஊற்றி, மூடி போட்டு, மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தி மூன்று நிமிடம் காத்திருங்கள். குச்சியைத் துடைத்து உள்ளே விடுங்கள். மரையில் திருகாமல் சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். இந்த எஞ்சினில் திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் ஆயில் நுரைக்கும், மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும், சைலன்சரில் புகை வரும்.

இந்த எஞ்சினில் கழற்றி மாற்றுகிற பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது. உள்ளே ஒரு சல்லடையும், சுழலும் வேகத்தில் கசடைப் பிரிக்கும் ஒரு கிண்ணமும் உண்டு. அவற்றைச் சுத்தம் செய்ய வலது பக்க கிளட்ச் கவரைக் கழற்றி கேஸ்கெட் மாற்ற வேண்டும். அது பட்டறை வேலை. கடையில் 'ஆயில் ஃபில்டரும் போடணும்' என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

செயின்

செயின் கவரின் ரப்பர் மூடியைத் திறந்து விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மொத்த ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கலாம். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொய்வுமாக இருந்தால் இறுக்கமான இடத்தை வைத்து அளவு வையுங்கள். வித்தியாசம் அதிகமென்றால் செயின், முன் பின் ஸ்பிராக்கெட் (பல் சக்கரம்) மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டிய நேரம். தேய்ந்த பல்லில் புது செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

இறுக்க: அச்சு நட், அதன் இடது பக்கம் உள்ள ஸ்லீவ் நட் இரண்டையும் தளர்த்துங்கள். ஸ்லீவ் நட்டை மறந்தால் சக்கரம் நகராது. பிரேக் கம்பியின் நட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணலாகி டயரும் செயினும் ஒருபக்கமாகத் தேயும். பிறகு முதலில் ஸ்லீவ் நட், அடுத்து அச்சு நட். அச்சு நட்டை மட்டும் தயங்காமல் நன்றாக இறுக்குங்கள்.

செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் என் தேர்வு. ஸ்ப்ரே வசதிதான், ஆனால் மூடிய கவருக்குள் சரியாகப் போய்ச் சேராது. இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலைச் செயினில் விடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அதில் இருக்கும் உலோகப் பொடியும் கசடும் செயினை அரைக்கும், விட வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து கியர் போட்டு, ஓடுகிற செயினில் துணி பிடிக்கவே பிடிக்காதீர்கள். துணி மாட்டினால் விரலும் கூடவே போகும்.

பிரேக்

செயின் இறுக்கியதும் பின் சக்கரம் கொஞ்சம் பின்னால் போயிருக்கும், அதனால் பிரேக்கும் மாறியிருக்கும். பெடல் 20 முதல் 30 மில்லிமீட்டர் இறங்கிய பிறகு பிடிக்கும்படி கம்பியின் நட்டைத் திருப்புங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், உரசக் கூடாது. பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பாருங்கள். முன் பிரேக் டிரம் என்றால் லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம்.

டிரம்மில் ஓர் அம்புக்குறி உண்டு. பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அது எதிரில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால், நட்டை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை, ஷூ மாற்ற வேண்டும். வத்தல்மலை, அஞ்செட்டி பக்கம் இறக்கத்தில் போகிறவர்கள் இதை மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும், ஷூவும் தேய்ந்திருந்தால் ஆபத்து.

கேள்விகள் வந்த பிறகு சேர்த்தவை

போல்ட் உண்மையிலேயே இறுகியிருந்தால்: திசையை மறுபடி சரிபாருங்கள். எஞ்சினை இன்னும் கொஞ்சம் சூடாக்குங்கள், அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், பிடி தளரும். தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் நிறுத்திவிட்டு பட்டறைக்குப் போங்கள்.

மரை போய்விட்டால்: எம்-சீல் பூசி ஓட்டாதீர்கள். ஓடும்போது போல்ட் விழுந்தால் ஆயில் முழுவதும் இறங்கி எஞ்சின் பிடித்துவிடும். லேத்தில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுப் பழைய அளவிலேயே சரிசெய்யலாம். பெரிய போல்ட்டுக்கு மரை வெட்டுவதைவிட அதுவே மேல்.

ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா: புது வண்டிகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பேப்பர் ஃபில்டரைக் காற்றடிக்கவும் கூடாது, கழுவவும் கூடாது. மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டியின் ஸ்பாஞ்சை மட்டும் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் லேசாக நனைத்துப் பிழிந்து மாட்டலாம்.

பேட்டரிக்கு எந்தத் தண்ணீர்: மூடி உள்ள பழைய வகைக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், ஒகேனக்கல் குடிநீரும் பேட்டரிக்கு ஆகாது. மூடியே இல்லாத வகையைத் திறக்க முயலாதீர்கள்.

பழைய ஆயிலை எங்கே கொட்டுவது: கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ வேண்டாம். காலி ஆயில் பாட்டிலிலேயே ஊற்றி மூடி, பட்டறையில் கொடுங்கள். அங்கே பேரலில் சேர்த்து வைத்து எடுப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். பெட்ரோலோ தண்ணீரோ அதில் கலந்துவிடாதீர்கள், கலந்தால் வாங்கமாட்டார்கள்.