முதல் ஹெட்செட்: வயரா, வயர்லெஸ்ஸா? ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் சில மாதங்களிலேயே ஹெட்செட் எத்தனை இடத்தில் தேவைப்படும் என்று ஊரில் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. வேலைக்கான நேர்முகம் ஸூமிலோ டீம்ஸிலோ நடக்கும். புதிதாக வந்தவர்களுக்கு அரசு நடத்தும் இலவச ஆங்கில வகுப்பான லிங்க்கை (LINC) ஓன்லைனில் எடுக்கலாம். வீட்டில் இருந்தபடியே கோல் சென்டர் வேலை கிடைக்கலாம். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு குடிவரவு, அகதிகள் சபையின் (ஐஆர்பி) விசாரணையே பெரும்பாலும் டீம்ஸ் வழியாகத்தான். இதில் எதிலும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. நீங்கள் கதைப்பது அந்தப் பக்கத்தில் தெளிவாக விழவேண்டும், அவ்வளவுதான்.

அதனால் முதல் ஹெட்செட் யூஎஸ்பி வயர் உள்ளதாக, வாய்க்கு அருகில் நீட்டி வைக்கக்கூடிய மைக் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் பிறகு வாங்கலாம்.

காரணம் மைக்கில்தான் இருக்கிறது. சாதாரண புளூடூத்தில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு முறை, கதைப்பதற்கு வேறு முறை. பாட்டுக்கு நல்ல தரமான ஸ்டீரியோ ஒலி ஒரு திசையில் மட்டும் போகும். மைக் திறந்த உடனே கணினி மற்ற முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒன்றே. மாதிரி எடுக்கும் வேகம், அதாவது ஒரு செக்கனில் ஒலியை அளக்கும் தடவைகள், 16 கிலோஹேர்ட்ஸ் (16,000 தடவை), பழைய கருவிகளில் 8 மட்டும்தான். அந்த வேகத்தில் பாதி வரையுள்ள ஒலிதான் போய்ச்சேரும்; 8 என்றால் 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான ஒலி முழுவதும் வெட்டுப்பட்டுப் போகும். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட பகுதிதான். நம் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டிய நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் உங்கள் ஊர்ப் பெயரையும் திகதியையும் திரும்பத் திரும்பக் கேட்டால் உங்களுக்குத்தான் பதற்றம் கூடும்.

இருநூறு, முந்நூறு டொலர் ஹெட்போனிலும் இதே கதைதான். எல்ஈ ஓடியோ (LE Audio) என்ற புதிய புளூடூத் முறை இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் லேப்டொப்பும் ஹெட்செட்டும் இரண்டுமே அதை ஏற்கவேண்டும். செகண்ட் ஹாண்ட் லேப்டொப்பில் அதை எதிர்பார்க்காதீர்கள். கையில் ஏற்கனவே நல்ல புளூடூத் ஹெட்போன் இருந்தால் ஒரு வழி உண்டு: ஸூம் அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்போனையும், மைக்காக லேப்டொப்பின் சொந்த மைக்கையும் தெரிவு செய்யுங்கள். காதில் விழும் ஒலி பழையபடி தெளிவாகிவிடும்.

ஆனால் அந்த லேப்டொப் மைக் அறையில் இருக்கும் எல்லாவற்றையும் கேட்கும். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தெரியும்: சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், பக்கத்திலேயே டிரையர், மேல்மாடியில் பிள்ளைகளின் ஓட்டம். இங்கேதான் பலர் பெட்டியில் 'நொய்ஸ் கான்சலிங்' என்று இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஹெட்போன் பெட்டியில் அந்தச் சொல் பெரும்பாலும் உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பதைப் பற்றியது. மற்றவருக்குப் போகும் இரைச்சலைக் குறைப்பது மைக்கின் வேலை. மைக் வாய்க்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. வாயோரமாக, மூச்சுக்காற்று நேரே படாமல் இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

கோல் சென்டர் வேலை என்றால் யோசிக்கவே தேவையில்லை. பல கம்பனிகள் யூஎஸ்பி வயர் ஹெட்செட்டும், வைஃபை இல்லாமல் கேபிளில் வரும் இணையமும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடும். எட்டு மணிநேரம் தலையில் இருக்கப்போகிறது. பாரத்தையும் காதில் அழுத்துவதையும் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

3.5 மில்லிமீட்டர் செருகி உள்ளது மலிவு. ஆனால் லேப்டொப்பில் ஒரே துளை, பழைய டெஸ்க்டொப்பில் பச்சை, பிங்க் என்று இரண்டு துளை. பொருந்தாவிட்டால் பிரிக்கும் கேபிள் ஒன்று வாங்கவேண்டி வரும். யூஎஸ்பியில் அந்தத் தலையிடி இல்லை.

வயர்லெஸ் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், அதாவது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக் கேட்பவர்கள், லேப்டொப்பில் குத்தும் சின்ன யூஎஸ்பி டொங்கிளோடு வருவதைப் பாருங்கள். டொங்கிளை யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் குத்தாதீர்கள். அந்த டிஸ்க் கிளப்பும் இரைச்சல், இப்படியான டொங்கிள்கள் பெரும்பாலும் பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸில்தான் விழும். குரல் விட்டு விட்டு வரும். மைக்ரோவேவும் அதே அலைவரிசைதான். இன்னொன்று: லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் சித்தப்பா தன் அலுவலக டெக்ட் ஹெட்செட்டை (DECT, கோட்லெஸ் ஃபோன்களின் வயர்லெஸ் முறை) தருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவில் டெக்ட் 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸ் வரை, இங்கே 1920 முதல் 1930 வரை. அதை இங்கே பாவிக்க அனுமதி இல்லை.

நல்ல வயர் ஹெட்செட் 30 முதல் 60 டொலருக்குள் கிடைக்கும். தட்டில் போட்டிருப்பது வரி சேர்க்காத விலை: 45 டொலர் என்றால் ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரியான எச்எஸ்டியோடு 50.85 கட்டவேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பெட்டியையும் எறியவேண்டாம். திருப்பிக் கொடுக்கும் நாள் கணக்கு கடைக்குக் கடை மாறும்.

நேர்முகத்துக்கு முதல்நாளே டீம்ஸில் உள்ள சோதனை அழைப்பைச் செய்து பாருங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டும். ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள்.