மேடைப் பேச்சைத் தொழிலாக்க: சென்னையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் பேச்சுப்போட்டிக்குக் கோப்பை வாங்கியவர்கள் சென்னையில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பேசியே சம்பாதிப்பவர்களைத் தேடத்தான் வேண்டும். நன்றாகப் பேசினால் கைதட்டல் வரும், சரி. ஆனால் கைதட்டுகிறவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். உங்களை அடுத்த முறை கூப்பிடப் போகிறவரோ, மேடையோரம் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு மணி பார்த்தபடி நிற்கும் அமைப்பாளர். இந்தத் தொழிலில் உங்கள் வாடிக்கையாளர் அவர்தான். கீழே வரும் படிகளை அவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த மேடை?

'பேச்சாளர்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, இதில் நாலைந்து தனித்தனிச் சந்தைகள் இருக்கின்றன. பட்டிமன்றம், கம்பன் விழா போன்ற இலக்கிய மேடைகள். கோயில்களிலும் சபாக்களிலும் நடக்கும் ஆன்மிகச் சொற்பொழிவு. பள்ளி, கல்லூரி விழாக்கள். கம்பெனிகளில் பயிற்சி வகுப்பு. திருமண வரவேற்பிலும் நிறுவன விழாக்களிலும் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவது. கட்சி மேடை என்று ஒன்றும் உண்டு. அதன் கணக்குவழக்கே வேறு, இங்கே விட்டுவிடுகிறேன்.

இலக்கிய மேடையில் பெயர் எடுக்க வருடக் கணக்கில் வாசிப்பு வேண்டும், பொறுமையும் வேண்டும். தொலைக்காட்சியில் முகம் தெரியும்வரை அங்கே பெரும்பாலும் பொன்னாடைதான் வருமானம். கல்லூரி மேடையில் ஏறுவது எளிது, தொகை குறைவு. கம்பெனிகள் நன்றாகத் தருகின்றன, எழுத்துப்பூர்வமாகவும் தருகின்றன. ஆனால் "இவருக்கு இந்த விஷயத்தில் என்ன அனுபவம்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், புதியவர் ஒரு காலைக் கல்லூரியிலும் இன்னொரு காலைக் கம்பெனியிலும் வைப்பது நல்லது. இலக்கிய மேடை மேல் ஆசை இருந்தால் அதை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 2: ஒரே ஒரு உரையைத் தயார் செய்யுங்கள்

"எந்தத் தலைப்பு கொடுத்தாலும் பேசுவேன்" என்று சொல்லிக்கொள்வது போட்டிக்குச் சரி. தொழிலுக்கு ஆகாது. அமைப்பாளர் மனத்தில் உங்கள் பெயரோடு ஒரு விஷயம் ஒட்டிக்கொள்ள வேண்டும். 'வெற்றியின் ரகசியம்', 'தன்னம்பிக்கை', 'எண்ணமே வாழ்வு' மாதிரித் தலைப்புகளில் ஏற்கெனவே பெரிய கூட்டம் நிற்கிறது. நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுங்கள்.

நீங்கள் ஒரு வங்கியில் பத்து வருடமாக வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'முதல் சம்பளத்தை என்ன செய்வது?' என்று தலைப்பு வைக்கலாம். கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கும் பொருந்தும், ஓஎம்ஆர் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் பொருந்தும். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"உங்க முதல் சம்பளம் வர்ற அன்னைக்கு உங்களைவிட சந்தோஷப்படற ஆள் ஒருத்தர் இருக்கார். கிரெடிட் கார்டு விக்கறவர்."

இதில் வணக்கம் இல்லை, திருக்குறள் இல்லை, 'இந்த அரிய வாய்ப்பை நல்கிய' இல்லை. வணக்கமும் நன்றியும் இதற்கு அடுத்த வாக்கியத்தில் வரட்டும். பின்வரிசைப் பையன் முதல் பத்து விநாடியில் போனை எடுத்துவிட்டால் அப்புறம் அவனைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம்.

அடுத்து ஒரு கணக்கு. கார்டில் 50,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம், கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வையுங்கள். மாணவர் கட்டுவது 2,500 ரூபாய். அதில் 1,750 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 750 ரூபாய். (வட்டி மேல் வரும் ஜிஎஸ்டியைச் சேர்த்தால் இன்னும் குறையும்.) மேடையில் இந்த மூன்று எண்களை நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள். 'கடன் ஆபத்தானது' என்று கால்மணி நேரம் முழங்குவதைவிட அந்த 750 நன்றாக வேலை செய்யும்.

உரையின் அளவு இருபது நிமிடம். தொடக்கம் இரண்டு நிமிடம், ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று பகுதிகள், முடிவு மூன்று நிமிடம். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ஆள், ஒரு சம்பவம், ஒரு எண் இருக்கட்டும். முழுவதையும் எழுதிப் பாருங்கள், ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டாம். தொடக்கத்தின் நாலு வரியும் முடிவின் நாலு வரியும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் இருப்பதற்குக் குறிப்புச் சொற்கள் போதும்.

இனி வெட்டும் வேலை. அழைப்பிதழில் மாலை 6 மணி என்று போட்டிருக்கும். குத்துவிளக்கு ஏற்றும்போது 6.40 ஆகியிருக்கும். வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை என்று ஒவ்வொருவரும் மேடையில் இருக்கும் எல்லோரையும் பெயர், பட்டம், பதவியோடு விளித்து முடிப்பதற்குள் எட்டு மணி தாண்டிவிடும். உங்களுக்குச் சொல்லியிருந்த அரை மணி நேரம் பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கும். கூட்டத்தில் பாதிப் பேர் பஸ்ஸையும் சாப்பாட்டையும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அதே உரைக்குப் பன்னிரண்டு நிமிட வடிவம் ஒன்றும், கேள்வி-பதிலோடு நாற்பத்தைந்து நிமிட வடிவம் ஒன்றும் கையில் இருக்க வேண்டும். மூன்று பகுதிகளில் எதைத் தூக்கிப் போடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சீட்டு வரும். '2 நிமிடம்' என்று எழுதியிருக்கும். பலர் அதைப் படித்துவிட்டு, "நேரமின்மை காரணமாக..." என்று ஆரம்பித்து இன்னும் பத்து நிமிடம் பேசுவார்கள். நீங்கள் சீட்டைப் பார்த்ததும் அமைப்பாளரைப் பார்த்து லேசாகத் தலையசைத்து, நேராக முடிவுப் பகுதிக்குப் போய், இரண்டே நிமிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அன்றைக்கு மேடையில் அவருக்கு உபகாரம் செய்தவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்த வருடமும் உங்கள் எண் அவர் போனில் இருக்கும்.

படி 3: காசு வராத மேடைகளில் பழகுங்கள்

சென்னையில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் (உறுப்பினர்கள் கூடி மேடைப் பேச்சுப் பழகும் குழுக்கள்) நிறைய இருக்கின்றன, தமிழில் நடப்பவையும் உண்டு. 1924-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு இது. தயாரித்த உரைக்குப் பொதுவாக 5 முதல் 7 நிமிடம் தருவார்கள். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு காட்டுவார்கள். நீங்கள் எத்தனை தடவை 'அ...', 'வந்து...' என்று இழுத்தீர்கள் என்று எண்ணுவதற்கே ஒருவர் இருப்பார். தயாரிக்காத தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசும் பகுதியும் உண்டு. விருந்தினராகப் போய்ப் பார்த்துவிட்டுச் சேரலாம். ஒரு குறை: அங்கே எல்லோரும் உங்களை உற்சாகப்படுத்தவே வந்தவர்கள். வெளி மேடையில் யாரும் அதற்காக வருவதில்லை.

அதனால் கூடவே வேறு இடங்களையும் தேடுங்கள். கிளை நூலகங்களின் வாசகர் வட்டக் கூட்டங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், நீங்கள் படித்த பள்ளி. நூலக வாசகர் வட்டத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள், அதில் பத்துப் பேர் ஓய்வு பெற்றவர்கள். நீங்கள் தவறாகச் சொன்ன ஆண்டை அங்கேயே எழுந்து திருத்துவார்கள். அந்தப் பயிற்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது.

கேட்கவும் பழக வேண்டும். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது மாலை மேடையில் தினமும் உரைகள் இருக்கும். பேச்சாளரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து உட்காருங்கள். எப்போது சிரிக்கிறார்கள், எப்போது போனை எடுக்கிறார்கள், எப்போது எழுந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் நடக்கிறார்கள் என்று நேரம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: மைக்கோடு சமரசம்

1907-ல் விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பால் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசியபோது மைக் கிடையாது. அலைச் சத்தத்துக்கு மேலே தொண்டைதான் ஒலிபெருக்கி. இன்று அந்த அவசியம் இல்லை. ஆனாலும் மைக் முன்னால் நின்று கத்தும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

கையில் பிடிக்கும் மைக்கை நாலு விரல் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் தாடைக்குச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். 'ப'கரம் வரும்போது 'டப்' என்று வெடிக்காது. மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக்கோடு நடந்தால் 'கூ...' என்று அலறும், பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று முன்பே பார்த்து வையுங்கள். தட்டுவதும் ஊதுவதும் வேண்டாம், பேசியே சோதிக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அரை மணி நேரம் முன்னதாகப் போய் சவுண்ட் சிஸ்டம் அண்ணனிடம் பேர் கேட்டு இரண்டு வார்த்தை பேசுவது. "அண்ணே, என் குரல் கொஞ்சம் சன்னம், எக்கோவைக் குறைச்சு வைங்க" என்று சொன்னால் போதும். திருவிழா மேடைகளில் எக்கோ வைத்துத்தான் பழக்கம். பாட்டுக்கு அது அழகு, பேச்சுக்கு எமன்.

படி 5: இரண்டு நிமிட வீடியோ

யாரும் உங்கள் முழு உரையை யூடியூபில் பார்த்துவிட்டுக் கூப்பிடப் போவதில்லை. இரண்டு நிமிடம் போதும். அதில் உங்கள் முகமும் கூட்டமும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். நண்பரை நடு வரிசையில் உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒலிக்கு இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு ஏரோபிளேன் மோடில் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இரண்டையும் சேர்க்கலாம். பொன்னாடை போர்த்தும் படங்களை அனுப்ப வேண்டாம். எல்லோரிடமும் அவை இருக்கின்றன.

படி 6: நாட்காட்டியைப் பார்த்து வேலை தேடுங்கள்

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அந்த வாரம் முழுக்க மணலி, எண்ணூர், அம்பத்தூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் கூட்டங்கள் நடக்கும். நாலே நாளில் மார்ச் 8, மகளிர் தினம். பொதுத்துறை நிறுவனங்களில் அக்டோபர் கடைசியை ஒட்டி ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரம். கல்லூரிகளில் புது மாணவர்கள் சேரும்போது அறிமுக நாள், பிப்ரவரி, மார்ச்சில் ஆண்டு விழா. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். ஆன்மிகப் பேச்சாளர்களுக்கு மார்கழி.

நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். பிப்ரவரி 28-ல் மகளிர் தினத்துக்கு வாய்ப்புக் கேட்பது வீண். கம்பெனியில் மனிதவளத் துறைக்கும், தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரிக்கும், கல்லூரியில் வேலைவாய்ப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். முதல்வருக்குப் போகும் கடிதம் மேசையிலேயே தூங்கும்.

படி 7: தொகையைப் பேசுவது

நம் ஊரில் இதுதான் பலருக்கும் வராத கலை. போன் இப்படித்தான் வரும்:

"சார், நம்ம காலேஜ்ல ஆண்டு விழா. நீங்கதான் சிறப்பு விருந்தினர்னு முடிவு பண்ணிட்டோம்."

"ரொம்ப சந்தோஷம் சார். என்னைக்கு, எவ்வளவு நேரம், எத்தனை மாணவர்கள்?"

"பதினாலாம் தேதி சார். ஆயிரம் பேர் வருவாங்க. உங்களுக்கு நல்ல மேடை."

இந்த 'நல்ல மேடை' வந்தால் தொகை பற்றிப் பேச்சு வராது என்று அர்த்தம். நீங்களே கேளுங்கள், குரல் மாறாமல்: "சரிங்க சார், நாள் காலியாத்தான் இருக்கு. கல்லூரி நிகழ்ச்சிக்கு நான் வாங்கற சன்மானம் இவ்வளவு, கார் தனி. உங்க பட்ஜெட் எப்படின்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். "ஆனா பரவால்லை, நீங்க பார்த்துக் கொடுங்க" என்று நீங்களே தொடர்ந்தால் எல்லாம் போச்சு. 'பார்த்துக் கொடுத்தால்' வருவது சந்தன மாலையும் பிளாஸ்டிக் கேடயமும்தான். பட்ஜெட் இல்லை என்றால் இலவசமாகவும் போகலாம், அதற்கு ஒரு விலை வையுங்கள்: வீடியோ பதிவு, கல்லூரி லெட்டர்பேடில் ஒரு கடிதம், வேறு இரண்டு கல்லூரிகளுக்கு அறிமுகம். அரசுப் பள்ளி, ஆதரவற்றோர் இல்லம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், போய் வாருங்கள்.

பேசி முடித்ததும் நாள், நேரம், தொகை மூன்றையும் அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

படி 8: காகித வேலை

கம்பெனிகளுக்கு பில் கொடுக்க வேண்டும், பான் எண்ணோடு. ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (தரும் முன்பே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த தொகை வருமான வரித் துறையில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. மற்றதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

படி 9: வேலையை எப்போது விடுவது?

அவசரமே வேண்டாம். சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். திண்டுக்கல் லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாரதி பாஸ்கர் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பட்டிமன்றம் பேசியவர். மேடைக்குச் சரக்கு அந்த வேலைகளிலிருந்தும் வந்தது.

மே மாதத்தைக் கவனியுங்கள். கல்லூரிகளுக்கு விடுமுறை, விழாக்கள் குறைவு, வெயிலில் கூட்டமும் வராது. பேச்சு வருமானத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். இரண்டு மே மாதங்கள் வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் அந்தக் கணக்கிலிருந்தே கட்ட முடிந்தது என்றால், ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி வீட்டில் பேச்சை எடுக்கலாம்.