மழைக்கு முன்னாடி நம்ம ஊரு ஸ்கூலை ஒரு சுத்து சுத்திப் பாக்குறது எப்படி

அக்டோபர் பாதியில வடகிழக்குப் பருவமழை பிடிச்சுக்கும், அதுக்குள்ள உங்க புள்ளைங்க படிக்கிற ஸ்கூல் கட்டிடத்தை ஒரு தடவை முழுசா சுத்திப் பாத்துருங்க. நான் இன்ஜினியர் இல்ல, எங்க ஊரு ஒன்றியத் தொடக்கப்பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், என் பொண்ணு அங்கதான் மூணாவது படிக்குது. மூணு வருசமா இதைப் பண்றோம், அதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

கையில ஒரு நோட்டு, பென்சில், டார்ச், நீளமான ஒட்டடைக் கம்பு, போன், இவ்வளவு போதும். ஹெச்எம் கிட்ட சொல்லிட்டு சனிக்கிழமை காலையில போங்க. ஊருல ஒரு கொத்தனாரும் ஒரு வயர்மேனும் இருப்பாங்க, ஒரு மணி நேரம் வாங்கண்ணேன்னு கூப்பிட்டா வந்துருவாங்க, அவங்க புள்ளைங்களும் அங்கதானே படிக்குது. அஞ்சாவது படிக்கிற ரெண்டு புள்ளைங்களையும் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. டீச்சருக்கே தெரியாததெல்லாம் அதுங்களுக்குத் தெரியும். "மாமா, மழை பேஞ்சா அந்த ஸ்விட்ச் விறுவிறுங்கும், நாங்க ஸ்கேலால தான் போடுவோம்"னு ஒரு பையன் எங்ககிட்ட சாதாரணமா சொன்னான், எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

முதல்ல மொட்டை மாடிக்குப் போங்க. கீழ சீலிங்ல தெரியிற பாதிப் பிரச்சனை மேலதான் ஆரம்பிக்குது. வேப்பிலையும் மண்ணும் சேந்து மழைத்தண்ணி போற குழாய் வாயை அடைச்சிருக்கும், தண்ணி தேங்கி காங்கிரீட்டுக்குள்ள இறங்கும், உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச கம்பி ஊதும், ஊதுனா சுத்தி இருக்கிற காங்கிரீட்டைப் பிளந்து தள்ளிரும், அப்படித்தான் காரை பேந்து விழுது. அந்தக் குழாய் வாயை கையாலேயே அள்ளி சுத்தம் பண்ணிரலாம், பைசா செலவில்ல. கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு முளைச்சிருந்தா மேலோட ஒடிச்சு விடாதீங்க, திரும்பத் துளிர்த்து இன்னும் ஆழமா வேர் விடும், வேரோட தோண்டி எடுத்துட்டு அந்த ஓட்டையை சிமெண்ட் வச்சு அடைக்கணும்.

அடுத்து கிளாஸ் ரூம் சீலிங். பழுப்பு நிறத்துல கறை இருக்கா, கம்பி போற வாக்குல நேர்கோடா வெடிப்பு இருக்கா, வயிறு தள்ளுன மாதிரி பூச்சு தொங்குதா, டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சுப் பாத்தா நல்லாத் தெரியும். புள்ளைங்களை வெளிய அனுப்பிட்டு, நேர் கீழ நிக்காம தள்ளி நின்னு கம்பால தட்டுங்க. நல்ல காங்கிரீட்டு "டங்டங்"னு கெட்டியா சத்தம் குடுக்கும், உள்ள விட்டுப்போன இடம் பானையைத் தட்டுன மாதிரி "டொப்பு டொப்பு"ங்கும். எங்க ஸ்கூல்ல மூணாம் கிளாஸ் ரூம்ல ஒரு இடம் அப்படிக் கேட்டுச்சு, கொத்தனார் கம்பு நுனியை லேசாத் தள்ளுனாரு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு கீழ இருந்த டெஸ்க்குல வந்து விழுந்துச்சு. விளிம்பு ரெண்டு விரல் கனம் இருக்கும், அடிப்பக்கம் புதுசா வெள்ளை அடிச்சு அழகா இருந்துச்சு. அந்த டெஸ்க்குல தினம் மூணு புள்ளைங்க உக்காருதுங்க.

அதனால பூச்சு மேல பூச்சு பூசி வெள்ளை அடிக்கிறதை வேலைன்னு ஒத்துக்காதீங்க. விட்டுப்போனதை எல்லாம் கொத்தி எடுக்கணும், கம்பியை பிரஷ் போட்டுத் துருவை சுரண்டணும், துரு தடுக்குற பூச்சு குடுக்கணும், அப்புறம்தான் புதுக் கலவை. கம்பியே மெலிஞ்சு போயிருந்தா கொத்தனார் வேலை இல்ல, இன்ஜினியர் வந்து பாக்குற வரைக்கும் அந்த ரூம்ல கிளாஸ் வேண்டாம், மரத்தடியில உக்காந்தாலும் பரவாயில்ல.

சுவர் விரிசலைப் பாத்து எல்லாத்துக்கும் பயப்பட வேண்டாம். பூச்சுல மட்டும் முடி மாதிரி ஓடுறது பெரிசில்ல. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஏறுறது, படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலா இறங்குறது, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே இடத்துல தெரியிறது, இதெல்லாம் அஸ்திவாரம் இறங்குதுன்னு சொல்ற விரிசல். 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல போனா உடனே இன்ஜினியரைக் கூப்பிடணும். சந்தேகமா இருந்தா விரிசல் முடியிற இடத்துல பென்சிலால குறுக்க ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க, இல்ல ஒரு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்க சிமெண்ட் வச்சு ஒட்டி விடுங்க, சுவர் அசைஞ்சா கண்ணாடி உடைஞ்சிரும்.

வெளிய வந்தா நேரா கழிப்பறைக்குப் போங்க, எல்லாரும் கடைசியா பாக்குறது அதைத்தான். 2021 டிசம்பர் 17 திருநெல்வேலியில ஒரு பள்ளியில கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு மாணவர்கள் செத்துப் போனாங்க. தடுப்புச் சுவர், மறைப்புச் சுவர், காம்பவுண்டு சுவர் இதெல்லாம் ஒத்தைச் செங்கல்ல ஆழமா அஸ்திவாரம் போடாம எழுப்பியிருப்பாங்க. கொத்தனாரை தூக்குக்குண்டு போட்டுப் பாக்கச் சொல்லுங்க, சாஞ்சிருந்தா, அடியில மண்ணு அரிச்சுப் போயிருந்தா இடிச்சிட்டு வேற கட்டணும், முட்டுக் குடுத்து ஓட்டுற கதையெல்லாம் வேண்டாம். அது வரைக்கும் சுவர் எவ்வளவு உயரமோ அதை விடக் கூடுதலான தூரத்துக்கு யாரும் போகாதபடி வேலி கட்டுங்க, ஏன்னா சாயுற சுவர் அதோட உயரத்துக்கு வந்து விழும். பூட்டி வச்சிருக்கிற பழைய கட்டிடத்துக்கும் இதே கணக்குதான், கதவுல பூட்டு தொங்குறதால ஒரு பிரயோஜனமும் இல்ல, இன்டர்வெல்ல புள்ளைங்க அதோட நிழல்லதான் விளையாடுதுங்க.

கழிவுநீர்த் தொட்டி மூடி. 2025 ஜனவரியில விக்கிரவாண்டியில ஒரு தனியார் பள்ளியில எல்கேஜி படிச்ச குழந்தை தொட்டிக்குள்ள விழுந்து இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தகரம், இரும்பு ஷீட்டு மூடி எதுவா இருந்தாலும் மாத்திருங்க, மேல பெயிண்ட் நல்லா இருந்தாலும் அடிப்பக்கம் தொட்டி ஆவியில அரிச்சுப் போயிருக்கும். கம்பி கட்டுன காங்கிரீட் மூடி போடணும், புள்ளைங்களால தூக்க முடியாத கனத்துல. குடிதண்ணி சம்ப், பழைய கிணறு இருந்தா அதுக்கும் கம்பி வலை, பூட்டு.

கரண்டு வேலையை வயர்மேன் கிட்ட விட்டுருங்க, ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கோங்க. கரண்டு கசிஞ்சா தானா லைனை நிறுத்துற ஆர்சிசிபி ஸ்விட்ச் இருக்கா, 30 மில்லி ஆம்பியர் தானா, டெஸ்ட் பட்டனை அமுக்குனா டிரிப் ஆகுதா. ஃபியூஸ் கேரியர்ல மொத்தமான காப்பர் கம்பியைச் சுத்தி வச்சிருந்தா அது ஃபியூஸே இல்ல. மோட்டாருக்கு எர்த் இருக்கா. ஓதம் ஏறுன சுவர்ல ஸ்விட்ச் போர்டு இருந்தா அதை வேற சுவருக்கு மாத்தணும், அந்தப் பையன் சொன்ன போர்டை நாங்க அன்னைக்கே லைனைக் கழட்டி வச்சோம். அப்புறம் கொடிக்கம்பம், இரும்புக் கம்பம் நடுற இடத்துக்கு மேல லைன் போகுதான்னு அண்ணாந்து பாருங்க. கம்பி தாழ்ந்திருந்தாலோ மரக்கிளை உரசுனாலோ மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், அதோட நம்பர் 94987 94987ல சொல்லி கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கிக்கோங்க.

சத்துணவுக் கூடத்துல கேஸ் டியூப் மேல தேதி போட்டிருக்கும், தாண்டியிருந்தா மாத்துங்க. கொதிக்கிற சாம்பார் அண்டாவை புள்ளைங்க நடக்குற வழியில வைக்கக் கூடாது. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல ஒரு ஸ்கூல்ல 94 குழந்தைங்க செத்துப் போனது சமையல் நெருப்பு கூரையில பிடிச்சுதான், தப்பிக்க இருந்த படிக்கட்டும் குறுகல். அதனால சமையல் பக்கத்துல ஓலைக் கொட்டகை, பழைய பேப்பர் மூட்டை எதுவும் வேண்டாம், ஸ்கூல் நடக்குற நேரத்துல எந்த கிரில் கதவும் பூட்டியிருக்கக் கூடாது. தீயணைப்பு சிலிண்டர்ல முள் பச்சையில நிக்குதா பாருங்க. தள்ளு கேட்டுக்கு ரெண்டு முனையிலயும் ஸ்டாப்பர் இருக்கணும், இல்லைன்னா தடத்தை விட்டு வெளிய வந்து புள்ளைங்க மேல சாஞ்சிரும். உடைஞ்ச பெஞ்ச் குவியலை அப்புறப்படுத்துங்க, பாம்பு அடையும்.

இனி பேப்பர் வேலை, இதுல சலிச்சுப் போகாதீங்க. வாயால சொன்னது எதுவும் நிக்காது. போட்டோ எடுத்து, எந்த ரூம், எந்த மூலைன்னு எழுதி, மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போடுங்க. சட்டப்படி அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான், அது நம்ம குழு. தீர்மான நகலோட வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (பிடிஓ) மனு குடுங்க, ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க. அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபையில அதையே திரும்ப எழுப்பி பதிவு பண்ண வைங்க. எங்க மனு முதல் தடவை காணாமப் போச்சு, சீட்டு இருந்ததால ரெண்டாவது தடவை ஒன்றிய இன்ஜினியர் நேர்ல வந்தாரு.

நாலாம் கிளாஸ் ஜன்னல் மூலையில நாங்க போட்ட பென்சில் கோட்டுக்குப் பக்கத்துல தேதி இருக்கு. தீபாவளி லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்குறதுக்கு முந்தின நாள் ஸ்கேலோட போய் மறுபடி அளக்கணும்.